மாட்டுக்கு மேல்பல் எத்தனை?

தொழுவத்தடி: வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவரின் பதில்கள்

சென்ற மாதம், பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க உதவும் பால்மானியை வைத்துப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தலாம் என்று நான்கு வரி எழுதினாலும் எழுதினேன், சினை நிற்கவில்லை, பால் வற்றிவிட்டது என்று வரும் வழக்கமான கடிதங்களைவிட ஆசிரியர்களின் கடிதங்கள் அதிகமாகிவிட்டன. ஆகவே இந்த மாதம் மருந்து இல்லை, பாடம்தான். மடிநோய், கழிச்சல் பற்றிக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளவும். அவசரம் என்றால் பத்திரிகைக்கு எழுதாமல் பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குப் போகவும். இதை எத்தனையாவது முறையாக எழுதுகிறேன் என்று எனக்கே கணக்கில்லை.

கேள்வி: எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். பிள்ளைகளில் பாதிப்பேர் வீட்டில் மாடோ ஆடோ உண்டு. மாட்டைப் பற்றிப் பேசினால் அவர்கள் வாய் ஓயாது. புத்தகத்தைத் திறந்தால் வாய் திறக்காது. நான் நகரத்தில் வளர்ந்தவள், மாட்டைப் பற்றி அவர்களைவிடக் குறைவாகத்தான் எனக்குத் தெரியும். எங்கிருந்து தொடங்குவது?
— அறிவியல் ஆசிரியை, தாராபுரம் வட்டம்

பதில்: என் முதல் வகுப்பைச் சொல்லிவிடுகிறேன் டீச்சர். அது படுதோல்வி. ஓய்வுபெற்ற ஆண்டில் பக்கத்து ஊர்ப் பள்ளியில் பேசக் கூப்பிட்டார்கள். பசுவின் நான்கு அறை வயிற்றைப் பெரிய வண்ணப்படமாக எடுத்துக்கொண்டு போனேன். அசையூண் இரைப்பை, வலை இரைப்பை, புத்தக இரைப்பை, உண்மை இரைப்பை என்று குச்சியால் தொட்டுக் காட்டி முடிப்பதற்குள் கடைசி பெஞ்சில் நாலைந்து தலைகள் சாய்ந்துவிட்டன. 31 ஆண்டுகள் மாட்டின் வயிற்றைத் தட்டிப் பார்த்துப் பிழைத்தவனுக்கு இது அவமானம் இல்லையா? கோபத்தில் படத்தைச் சுருட்டிக்கொண்டே கேட்டேன்: “சரி, உங்கள் வீட்டு மாட்டுக்கு மேல்வரிசையில் முன்பல் எத்தனை?”

எட்டு என்றான் ஒருவன். ஆறு என்றாள் ஒருத்தி. “எங்கள் மாடு நாலு பல்” என்று ஒருவன் பெருமையாகச் சொன்னான். அவன் சொன்னது வீட்டில் பெரியவர்கள் வயதுக்குச் சொல்லும் கணக்கு. மாட்டுத் தரகரின் பேரன் ஒருவன் மட்டும் மெதுவாக, “மேலே ஒன்றும் இருக்காது சார்” என்றான். வகுப்பே சிரித்தது. நான் சரி என்றும் சொல்லவில்லை, தவறு என்றும் சொல்லவில்லை. “சாயங்காலம் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். தவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுத் தலையைத் தூக்கும்போது பாருங்கள். விரலை மட்டும் உள்ளே விட்டுவிடாதீர்கள்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் பள்ளி வாசலில் என்னை வண்டியை நிறுத்தவிடவில்லை. பிறந்ததிலிருந்து மாட்டோடு இருக்கிறார்கள், மேலே முன்பல்லே கிடையாது என்பதை அதுவரை பார்க்கவில்லை! அங்கே இருப்பது தடித்த மெத்தை போன்ற ஈறு. நாக்கால் புல்லைச் சுற்றிப் பிடித்து, கீழ்ப்பல்லால் அந்த மெத்தையில் அழுத்தி, தலையை வெட்டி இழுக்கும். அதனால்தான் மாடு மேய்ந்த இடத்தில் புல் கொஞ்சம் நின்றிருக்கும். மேலும் கீழும் முன்பல் உள்ள குதிரை மேய்ந்தால் தரையோடு போய்விடும். இதைச் சொன்னபோது ஒரு தலையும் சாயவில்லை.

நீங்கள் மாட்டைப் பற்றி அதிகம் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அவர்களுக்குத் தெரியும் என்று அவர்களே நினைத்துக்கொண்டிருக்கும் ஒன்றைக் கேளுங்கள், விடையைத் தொழுவத்தில் போய்த் தேட விடுங்கள். உங்களுக்கும் விடை தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது. அசைபோடும்போது ஒரு கவளத்தை எத்தனை முறை மெல்லுகிறது? பத்துப் பிள்ளைகள் பத்து மாட்டை எண்ணிவந்தால் எண்கள் ஒன்றாக இருக்காது. சராசரி என்றால் என்ன, ஏன் எடுக்கிறோம் என்பதை அந்த இடத்தில் கணக்கு வாத்தியாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வைக்கோல் தின்ற மாட்டுக்கும் பசும்புல் தின்ற மாட்டுக்கும் எண்ணிக்கை மாறுகிறதா? இதற்கு விடையை நான் சொல்லமாட்டேன்.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. மருந்து கொடுக்க மாட்டின் எடை வேண்டும். தொழுவத்தில் எடைமேடை ஏது? தையல்காரர் நாடா போதும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஓர் அளவு. தோள்முனையிலிருந்து பின்புட்டி எலும்பின் முனைவரை நீளம் ஓர் அளவு. இரண்டும் சென்டிமீட்டரில். நெஞ்சளவை நெஞ்சளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 10,840-ஆல் வகுத்தால் கிலோவில் எடை. நெஞ்சளவு 150, நீளம் 130 என்றால் சுமார் 270 கிலோ.

இந்த 10,840 எங்கிருந்து வந்தது என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். கேட்கவில்லை என்றால் நீங்களே கேளுங்கள். கால், தலை, வால் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு மாட்டை ஓர் உருளையாக நினையுங்கள். சுற்றளவும் நீளமும் தெரிந்த உருளையின் கன அளவு என்ன? சுற்றளவின் வர்க்கம் பெருக்கல் நீளம், வகுத்தல் நான்கு பை (4π), அதாவது 12.57. உடம்பு ஏறத்தாழத் தண்ணீரின் அடர்த்தியில்தான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு கன சென்டிமீட்டருக்கு ஒரு கிராம். கிலோவாக்கினால் 12,570-ஆல் வகுக்க வேண்டும். நம் மாட்டுக்கு 233 கிலோ வருகிறது. மீதி 37 கிலோ எங்கே? நாம் நீக்கிய தலையும் காலும் நிற்கும் இடம் அதுதான்! 12,570 என்பதை 10,840 ஆக்கிய அனுபவஸ்தர்கள் அவற்றையும் சேர்த்துவிட்டார்கள். பையின் மதிப்பை மனப்பாடம் செய்த பிள்ளை, அது தன் வீட்டுக் கிடேரிக்குள் இருப்பதை அன்றைக்குத்தான் பார்க்கும்.

ஆட்டுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஆட்டைத் தூக்கிக்கொண்டு எடைக்கருவியில் ஏறி, பிறகு ஆடு இல்லாமல் ஏறி, கழித்தால் உண்மை எடை வந்துவிடும். கணக்குக்கும் கருவிக்கும் எத்தனை கிலோ வித்தியாசம், ரோமம் அடர்ந்த செம்மறியில் ஏன் தப்பு கூடுகிறது என்று விசாரிக்கட்டும்.

ஒரே எச்சரிக்கை. மாட்டை அந்த வீட்டுப் பிள்ளைதான் பிடிக்க வேண்டும், மற்றவர்கள் பக்கவாட்டில் நிற்க வேண்டும், பின்னால் யாரும் கூடாது. கருக்கலைந்து கன்று வீசிய மாட்டுக்கும் நோய் கண்ட மாட்டுக்கும் பக்கத்தில் பிள்ளைகள் போகக் கூடாது. சில நோய்கள் மனிதருக்கும் வரும். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

கேள்வி: கோழிக்குக் காய்ச்சல் வருமா?
— ஐந்தாம் வகுப்பு மாணவன், மேச்சேரி

பதில்: வரும். ஆனால் கோழியைத் தொட்டுப் பார்த்துவிட்டு “காய்ச்சல்” என்று சொல்லிவிடாதே தம்பி. நன்றாக இருக்கும் கோழிக்கே 41, 42 டிகிரி செல்சியஸ் இருக்கும். உனக்கு 37, பசுவுக்கு 38.5, ஆட்டுக்கு அதைவிட ஒரு டிகிரி வரை கூடுதல். உன் கணக்கில் பார்த்தால் கோழி வாழ்நாள் முழுவதும் கடும் காய்ச்சலில் மேய்ந்துகொண்டிருக்கிறது.

இதை வைத்து ஒரு கதை. அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய் ஆட்டையும் மாட்டையும் கொல்லும், கோழியை ஒன்றும் செய்யாது. பிரான்சில் லூயி பாஸ்டர் 1878-இல் இதைப் பற்றி யோசித்தார். கோழியின் உடம்புச் சூடுதான் அந்தக் கிருமியை வளரவிடாமல் செய்கிறதோ? கோழிக்கு அடைப்பான் கிருமியைச் செலுத்தி, குளிர்ந்த தண்ணீரில் நிற்கவைத்துச் சூட்டைக் குறைத்தார். கோழி செத்தது. இன்னொன்றை அதே மாதிரி நோயாக்கி, பிறகு தண்ணீரிலிருந்து எடுத்துச் சூடேற்றினார். அது பிழைத்தது. ஒரே ஒரு காரணத்தை மட்டும் மாற்றிப் பார்ப்பது என்றால் என்ன என்பதற்கு இதைவிடச் சுருக்கமான கதை எனக்குத் தெரியாது. நீ அதைச் செய்து பார்க்க வேண்டாம். உன் வீட்டுக் கோழி உலர்ந்தே இருக்கட்டும்.

கேள்வி: நான் பத்தாம் வகுப்புப் படிக்கிறேன். எனக்கு விலங்குகள் என்றால் உயிர். கால்நடை மருத்துவர் ஆக வேண்டும். ஆனால் வேதியியலும் இயற்பியலும் சுத்தமாகப் பிடிக்கவில்லை. உயிரியல் மட்டும் படித்து டாக்டர் ஆக முடியுமா? நீட் எழுத வேண்டுமா?
— மாணவி, சங்ககிரி

பதில்: முடியாது கண்ணு. பட்டென்று சொல்லிவிடுவதுதான் நல்லது. ஆனால் உனக்கு வேதியியல் பிடிக்கவில்லை என்பதையும் நான் நம்பவில்லை. அது உனக்கு இன்னும் மாட்டின் மேல் ஏறி வரவில்லை, அவ்வளவுதான்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் என் மருந்தகத்தில் எப்போதும் கூட்டம். அன்பு மிகுந்துபோய் ஒரு பானைப் பொங்கலை மாட்டுக்கு வைத்துவிடுவார்கள். மாலையில் அது தீவனத்தைத் தொடாது, அசைபோடாது, மறுநாள் சாணம் தண்ணீராய்ப் போகும், நிற்கத் தள்ளாடும். என்ன நடந்தது? மாட்டின் முதல் வயிறு ஒரு பெரிய ஊறல்பானை. நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். அதற்குள் வைக்கோலைச் சிதைக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்கள். அவை அமிலத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். மாடு அசைபோட்டு அசைபோட்டு நாளொன்றுக்கு நூறு லிட்டர் அளவுக்கு உமிழ்நீரை விழுங்குகிறதே, அதில் இருக்கும் பைகார்பனேட் அந்த அமிலத்தைச் சமன்செய்யும். பி.எச். அளவு (குறையக் குறைய அமிலம் கூடுதல்) ஆறுக்கும் ஏழுக்கும் இடையில் நிற்கும். வெந்த அரிசி உள்ளே போனால் அதிலுள்ள மாவுப்பொருள் மளமளவென்று லாக்டிக் அமிலமாகிறது. மெல்ல நார் இல்லை, ஆகவே உமிழ்நீரும் இல்லை. பி.எச். ஐந்துக்கும் கீழே சரிகிறது. நான் முதலில் கேட்கும் பொருள் என்ன தெரியுமா? சமையல் சோடா. சோடியம் பைகார்பனேட். உன் புத்தகத்தில் அமிலமும் காரமும் வினைபுரிந்து என்று ஒரு வரி இருக்கிறதே, அதுதான். முற்றிய நோய்க்கு இது மட்டும் போதாது, ரத்தநாளத்திலும் திரவம் ஏற்ற வேண்டிவரும். ஆனால் கணக்கு அதே கணக்கு.

இயற்பியலுக்கு இன்னொரு மாடு. கன்று ஈன்ற இரண்டாம் நாள், நிறையக் கறக்கும் பசு எழுந்திருக்க முடியாமல் படுத்துவிடும். கழுத்தை விலாப்பக்கம் மடித்து வைத்திருக்கும், காது சில்லென்று இருக்கும். ஊரில் இதற்குப் பால் காய்ச்சல் என்று பெயர். காய்ச்சலே கிடையாது, சூடு குறைந்துதான் இருக்கும்; பெயர் வைத்தவர் வெப்பமானியை எடுத்துப்போகவில்லை போலிருக்கிறது. சீம்பாலிலும் பாலிலும் சுண்ணாம்புச் சத்து ஒரேயடியாக இறங்கிவிட, ரத்தத்தில் கால்சியம் குறைந்து, தசை சுருங்க மறுக்கிறது. கழுத்து ரத்தநாளத்தில் கால்சியம் ஏற்ற வேண்டும், அதுவும் மெதுவாக. வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். வேகத்தை எப்படிக் கட்டுப்படுத்துவது? பாட்டிலைத் தூக்கினால் வேகம் கூடும், தாழ்த்தினால் குறையும். திரவத்தின் அழுத்தம் அதன் உயரத்தைப் பொறுத்தது என்ற பாடம். ஒரு கையில் பாட்டில், காதில் ஸ்டெதஸ்கோப். துடிப்பு தடுமாறினால் கையைத் தாழ்த்துவேன். நள்ளிரவில் லாந்தர் வெளிச்சத்தில் இப்படி நின்ற நாட்களில், பள்ளியில் இந்தப் பாடத்தின்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தது நினைவுக்கு வரும். பாட்டில் முடியும் முன்பே பசுவின் தசை நடுங்கும், ஏப்பம் விடும், சாணம் போடும். கொஞ்ச நேரத்தில் முழங்காலை ஊன்றி எழுந்துவிடும். வீட்டுக்காரப் பாட்டிகள் என்னைக் கும்பிடுவார்கள். நான் அந்த வாத்தியாரை நினைத்துக்கொள்வேன்.

இனி உன் இரண்டாவது கேள்வி. பிளஸ் டூவில் உயிரியல், இயற்பியல், வேதியியல் மூன்றும் வேண்டும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தன் கல்லூரிகளின் மாநில இடங்களை அந்தப் பாட மதிப்பெண்களை வைத்தே நிரப்புகிறது. 15 சதவீத அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்களுக்குத்தான் நீட். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. நீ படிப்பது அரசுப் பள்ளியானால் அதைக் கேட்டு வைத்துக்கொள். ஓராண்டுப் பயிற்சியையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகள். விண்ணப்பிக்கும் ஆண்டில் விதிகளை மறுபடி பார்த்துவிடு, மாறக்கூடியவை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விலங்குகள் என்றால் உயிர் என்று எழுதியிருக்கிறாய். இந்தத் தொழிலில் சில நாள் அந்த உயிர் உன் கையில் போகும். பத்தாம் வகுப்பிலேயே இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லலாம் என்றுதான் பட்டது.

கேள்வி: பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு வீட்டில் வளரும் பச்சைக்கிளியைக் கூண்டோடு கொண்டுபோக என் மகன் அடம்பிடிக்கிறான். அனுப்பலாமா?
— தந்தை, குளித்தலை

பதில்: கிளியை வீட்டில் வைத்திருப்பதே 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வனத்துறையிடம் ஒப்படையுங்கள். கண்காட்சிக்குச் சாணத்தைக் கொண்டுபோகச் சொல்லுங்கள். மாட்டுச் சாணம், குதிரைச் சாணம், ஆட்டுப்புழுக்கை மூன்றையும் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, எதில் நார் நீளமாக இருக்கிறது என்று பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் போதும். அசைபோடும் பிராணி எது, போடாதது எது என்பது வடிகட்டியில் தெரியும். பரிசு கிடைக்குமா என்று கேட்காதீர்கள், நடுவர்களின் மூக்கைப் பொறுத்தது.

கேள்வி: சென்னையில் நெரிசலான பகுதியில் எங்கள் பள்ளி. மாடும் இல்லை, தோட்டமும் இல்லை. தெருநாயும் காக்கையும்தான். நீங்கள் சொல்வதெல்லாம் கிராமத்துப் பள்ளிக்குத்தானே பொருந்தும்?
— உயிரியல் ஆசிரியர், சென்னை

பதில்: சென்னையில் மாடு இல்லையா? சரி, அந்தச் சண்டை வேண்டாம். கறிக்கடை இருக்கிறதா?

ஆட்டுக் கண் இரண்டு, நுரையீரல் மூச்சுக்குழலோடு ஒன்று, இதயம் ஒன்று, கோழிக்கால் பத்து. உணவுக்காக வெட்டிய ஆட்டிலிருந்து வருபவை. இதற்கென்று எந்த உயிரையும் கொல்லவில்லை. தவளையை அறுத்துப் படித்த தலைமுறை என்னுடையது. கல்லூரிகளிலேயே விலங்கியல் பாடத்துக்கு விலங்குகளை அறுப்பதைக் கைவிடச் சொல்லி 2014-இல் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்துவிட்டது. நல்லதுதான். அந்தத் தவளைகளிடம் நான் கற்றுக்கொண்டதைவிடக் கறிக்கடையில் அதிகம் கற்றிருக்கிறேன்.

கண்ணை நீங்களே வெட்டுங்கள், பிள்ளைகள் கையில் கத்தி வேண்டாம். லென்ஸ் முழுதாக வெளியே வரும். அதைச் செய்தித்தாளின் மேல் வையுங்கள், எழுத்து பெரிதாகும். பிறகு கண்ணின் பின்சுவரைத் திருப்பிக் காட்டுங்கள். நீலமும் பச்சையுமாக மயில்கழுத்து போல ஒரு பளபளப்பு. இரவில் வண்டி வெளிச்சம் பட்டால் ஆட்டின் கண் ஏன் மின்னுகிறது என்பதற்கு அதுதான் விடை. விழித்திரையைத் தாண்டிப் போன ஒளியை அது திருப்பி அனுப்பி, மங்கிய வெளிச்சத்தில் இன்னொரு வாய்ப்புக் கொடுக்கிறது. நாய்க்கும் பூனைக்கும் உண்டு. நமக்கு இல்லை. ஒருமுறை இதைக் காட்டியபோது முன்வரிசையில் ஒரு பெண் மூக்கைப் பொத்திக்கொண்டே எழுந்து வந்து, கடைசிவரை மேசையை விட்டு நகரவில்லை.

நுரையீரலைச் சைக்கிள் பம்பால் ஊதிக் காட்டுங்கள். வாயால் ஊதக் கூடாது. இதயத்தைக் குறுக்கே வெட்டி இடப்பக்கச் சுவரையும் வலப்பக்கச் சுவரையும் அளக்கச் சொல்லுங்கள், காரணத்தை அவர்களே சொல்லிவிடுவார்கள். கோழிக்காலில் வெட்டுவாயில் தெரியும் வெள்ளை நாரைப் பிடித்து இழுத்தால் விரல்கள் மடங்கும். கோழி தூங்கும்போது கிளையிலிருந்து ஏன் விழுவதில்லை என்பது அந்த நாரில் இருக்கிறது. உட்கார்ந்து காலை மடக்கினாலே அது இழுபட்டு விரல் பூட்டிக்கொள்ளும். கையுறை, சோப்பு, குப்பையை முறையாக அகற்றுவது எல்லாம் உங்கள் பொறுப்பு. மரக்கறி வீட்டுப் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தாதீர்கள். விருப்பமில்லாத பிள்ளையை நிற்கவைத்தால் அது கண்ணைப் படிக்காது, உங்களைத்தான் வெறுக்கும்.

தெருநாயை வைத்தும் பாடம் நடத்தலாம், தூரத்திலிருந்து. தூங்கும் நாயின் விலா 15 விநாடிகளில் எத்தனை முறை ஏறி இறங்குகிறது? நான்கால் பெருக்கினால் நிமிடக் கணக்கு. காலையிலும் உச்சி வெயிலிலும் எண்ணி ஒரு வரைபடம். நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது, பாதத்தில்தான் கொஞ்சம்; ஆகவே நாக்கை நீட்டி ஈரத்தை ஆவியாக்கித்தான் குளிர்கிறது. அருகே போகக் கூடாது, சீண்டக் கூடாது. கடித்துவிட்டால் உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும், தடுப்பூசியை முழுவதும் போட வேண்டும். ஏன் சோப்பு? வெறிநோய் வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது. எண்ணெய்ப் பாத்திரம் எப்படிச் சுத்தமாகிறதோ அப்படி அந்த உறை கரைகிறது. காரணத்தோடு சொன்னால் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள், வீட்டிலும் போய்ச் சொல்வார்கள்.

1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி உங்கள் ஊரிலேயே, வேப்பேரியில் இருக்கிறது. முறையாகக் கடிதம் எழுதி, இருபது பிள்ளைகளை அழைத்துப்போக அனுமதி கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: மாடு ஈன்றால் நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் கன்றை ஊட்டவிட வேண்டும் என்று என் மாமியார் சொல்கிறார். பிறந்ததும் சீம்பால் கொடுக்க வேண்டும் என்று ஆசிரியர் சொன்னதாக மகள் சண்டை பிடிக்கிறாள். நடுவில் நான். யார் சொல்வது சரி?
— இல்லத்தரசி, பெருந்துறை

பதில்: மகள் சொல்வதுதான் சரி. ஆனால் மாமியாரைத் தோற்கடிக்கப் போகாதீர்கள். எத்தனையோ ஈற்றுப் பார்த்தவர். நம் குழந்தைக்குத் தாயின் நோய் எதிர்ப்புப் பொருள் கருப்பையிலேயே நஞ்சுக்கொடி வழியாக வந்துவிடுகிறது. கன்றுக்கு அப்படி வராது, மாட்டின் நஞ்சுக்கொடி அதை விடாது. கன்று வெறுங்கையோடு பிறக்கிறது. முதல் சீம்பாலில்தான் எல்லாம் இருக்கிறது. கன்றின் குடல் அந்தப் பெரிய புரதங்களை உடைக்காமல் அப்படியே ரத்தத்துக்குள் விடுவதும் முதல் சில மணி நேரம்தான். ஒரு நாள் ஆனால் கதவு மூடிவிடும். நஞ்சு விழுவதற்காக எட்டு மணி நேரம் காத்திருந்தால் கதவு பாதி சாத்தியாகிவிடும். இன்னொன்று, கன்று ஊட்டும்போது தாயின் உடலில் சுரக்கும் ஆக்ஸிடோசின் கருப்பையையும் சுருக்கும். நஞ்சு விழுவதற்கு அதுவும் ஒத்தாசை. இதை மாமியாரிடம் முதலில் சொல்லுங்கள், அவர் கவலை நஞ்சைப் பற்றித்தான்.

மகளுக்கு ஒரு வேலை. சீம்பாலையும் பத்தாம் நாள் பாலையும் தனித்தனியே அடுப்பில் வைத்துக் காய்ச்சட்டும். ஒன்று கட்டியாகும், ஒன்று ஆகாது. ஏன்? முட்டையை வேகவைத்தால் என்ன ஆகிறது என்று அவளையே யோசிக்கச் சொல்லுங்கள். கட்டியானதை வீணாக்க வேண்டாம், வெல்லமும் ஏலமும் இருக்கின்றன. ஆனால் கன்று வயிறார ஊட்டியது போகத்தான்.

கேள்வி: சென்ற இதழில் நீங்கள் எழுதியபடி ஒன்பதாம் வகுப்பில் பால்மானி சோதனை செய்தோம். நல்ல பாலில் 30 காட்டும், தண்ணீர் கலந்தால் குறையும் என்றீர்கள். ஒரு மாணவி கொண்டுவந்த பாலில் நானே ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றினேன். 27 காட்டியது! அவ்வளவு தண்ணீருக்கு மூன்றுதானா குறையும்? பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். பத்திரிகையில் எழுதுமுன் செய்து பார்க்க வேண்டாமா?
— ஆசிரியர், ஆத்தூர்

பதில்: வேண்டும். செய்துதான் எழுதினேன், ஆனால் ஒன்றை எழுத விட்டுவிட்டேன். குற்றம் என்னுடையது. உங்களிடம் ஒரு கேள்வி: அந்த மாணவி பாலை எங்கிருந்து எடுத்து வந்தாள்? பிரிட்ஜிலிருந்து என்று பந்தயம் கட்டுகிறேன்.

பால்மானி அளப்பது பாலின் தரத்தை அல்ல, அடர்த்தியை. 30 என்றால் 1.030, தண்ணீரைப்போல 1.030 மடங்கு கனம். உங்கள் கலவையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர், ஆகவே 30 என்பது 24-க்கு வந்திருக்க வேண்டும். ஆனால் குளிர்ந்தால் பால் சுருங்கும், அடர்த்தி கூடும், கருவி மேலே மிதக்கும். கருவியில் எந்த வெப்பநிலைக்கு உரியது என்று எழுதியிருப்பார்கள்; அதைவிட ஒரு டிகிரி செல்சியஸ் குறைந்தால் அளவு ஏறத்தாழ 0.2 கூடும். 27 டிகிரிக்கான கருவியை 12 டிகிரிப் பாலில் விட்டால் மூன்று கூடுதலாகக் காட்டும். 24-உம் மூன்றும் 27. வெப்பமானி வைத்துக்கொண்டு மறுபடி செய்யுங்கள், அதே பாலை அறைச் சூட்டுக்கு வரவிட்டு.

சிரித்த பிள்ளைகளுக்கு அடுத்த கேள்வி, இது பழைய பால்காரர் வித்தை. கொழுப்பு தண்ணீரைவிட லேசு. ஆடையை எடுத்துவிட்டால் பால் கனமாகும். கொழுப்பு முழுக்க நீக்கிய பால் சுமார் 36 காட்டும். அதில் ஐந்து லிட்டர் எடுத்து ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றினால்? கணக்குப் போடட்டும், சரியாக 30 வரும். வெண்ணெயும் போயிற்று, தண்ணீரும் சேர்ந்தது, கருவி மட்டும் நல்ல பால் என்று சத்தியம் செய்கிறது. இதனால்தான் பால் கூட்டுறவு சங்கத்தில் பால்மானியோடு நிறுத்தாமல் கொழுப்பையும் தனியாக அளக்கிறார்கள். பக்கத்தில் சங்கம் இருந்தால் காலை ஆறு மணிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள், கூட்டம் குறைவாக இருக்கும்போது செயலரிடம் கேட்டால் காட்டுவார்.

இரண்டாம் முறை என்ன காட்டியது என்று எழுதுங்கள். 24 வரவில்லை என்றாலும் எழுதுங்கள். பாலின் வெப்பநிலையையும், பால் வந்தது பசுவா எருமையா என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.